ஆறு வீட்டுக்கு ஆறு ஃபைல்

"மொத்தமா அனுப்பினா யாரு போன்லயும் தொறக்காதும்மா. ஆறா பிரிச்சிக் குடு."

கோதண்டம் பென் டிரைவை நீட்டினார். அறுபதைத் தாண்டியவர், முகத்தில் நாலு நாள் தாடி. திருவொற்றியூர் மார்க்கெட் ஓரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மெஹ்னாஸ், ஃபைலைத் திறந்ததுமே சலித்துக்கொண்டாள். முந்நூற்று எண்பத்தாறு பக்கம்!

"இன்னா நைனா இது, இம்மாம் பெர்சா கீது?"

"எர்ணாவூர்ல டேங்க் கழுவ எறங்கி ஆறு பேரு செத்தாங்கல்ல, அந்த விசாரணை ரிப்போர்ட்டு. வக்கீலு குடுத்தாரு."

அவளுடைய சலிப்பு போன இடம் தெரியவில்லை. போன ஆடியில் நடந்தது அது. பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்குக் காலைல கேஸு. யாரும் எறங்கச் சொல்லல, அவங்களாவே எறங்கி செத்தாங்கன்னு கம்பெனி சாதிக்குது. இந்தப் பேப்பரு கைல இல்லாங்காட்டி ஆறு குடும்பமும் நடுத்தெருவுலதான் நிக்கும்."

மெஹ்னாஸ் மளமளவென்று மொத்தப் பக்கத்தையும் ஆறால் வகுத்துச் சமமாக வெட்டினாள். திரையைப் பார்த்த கோதண்டம் பதறிப்போனார். செத்த ஆறு பேரில் ஒருவனான ரகுபதியின் போஸ்ட்மார்ட்டம் பாதி ஒரு ஃபைலிலும், மீதிப் பாதி அடுத்ததிலும் கிடந்தது.

"அய்யய்யோ, அப்டி வெட்டாதம்மா! ஒர்த்தன் சாவு இன்னொர்த்தன் பொண்டாட்டி கைக்குப் பூடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அவங்கவங்க பக்கம் அவங்கவங்களுக்கு. ஆனா இருநூத்தி மூணாம் பக்கம் ஆறுலயும் இருக்கணும். அதான் முக்கியம்."

ஒரு தாளையும் புரட்டாமல் நம்பர் சொல்கிறாரே என்று நினைத்தபடி அந்தப் பக்கத்துக்குப் போனாள். யாரோ கையால் எழுதியது, ஸ்கேன் படுமங்கல். அடியில் வல்லரசு என்ற கையெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கோதண்டத்தின் கண் கலங்கிவிட்டது.

"யாரு நைனா அது?"

"எம் புள்ள."

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, மற்ற வீட்டுக்காரர்களுக்காகவும் அலைகிறாரே இந்த மனுஷர்! மெஹ்னாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மொதல்ல குந்து நைனா" என்றாள்.

பாழாய்ப்போன கம்ப்யூட்டர் இரண்டு தடவை நின்று உயிரை வாங்கியது. வந்த மற்ற கஸ்டமர்களையெல்லாம் அப்புறம் வரச் சொல்லிவிட்டு, பெயர் பெயராகப் பார்த்துப் பக்கங்களைச் சேர்த்தாள். நாலரை மணிக்கு ஆறு ஃபைலும் தயார்.

"போனக் குடு, உன் வாட்ஸ்அப்லயே போட்டுத் தரேன்."

"என் நம்பர்லேர்ந்து வாணாம்மா. உன் கடை நம்பர்லேர்ந்து அனுப்பு."

நெட் தீர்ந்திருக்கும் போல என்று எண்ணிக்கொண்டாள். அவர் துண்டுச் சீட்டில் எழுதி வந்த ஆறு நம்பருக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினாள். ரகுபதியின் மனைவி உடனே பார்த்துவிட்டாள். 'நல்லா இருப்பம்மா, யாருன்னு தெரியல' என்று பதிலும் வந்தது.

மெஹ்னாஸ் அதைப் படித்துக் காட்டினாள். கோதண்டம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். அவளுக்கும் தாங்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அய்யோ நைனா, ஆறு ஃபைலுக்கும் வேற வேற ஆறு பேரு கீது. வல்லரசு பேர்ல ஒண்ணுமே போடலியே! உன் வூட்டுக்கு எது?"

கோதண்டம் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எம் புள்ள சாவலம்மா. கம்பெனி சூப்பர்வைசரா கையெழுத்துப் போட்டு, அந்த ஆறு பேரையும் உள்ள எறக்கினதே அவன்தான்."