பாதிக் கார்

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சட்டைப் பாக்கெட்டுல இருக்க கார் முழுசா இருக்கா, பாதியா?"

கிறிஸ்துமஸ் மதியம். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

பைபாஸில் லாரி மோதிவிட்டது. வண்டிப் பெட்டிக்குள் இந்த எண்தான் கிடைத்தது என்றார் பேசியவர். சின்ன வயசுப் பையன். கார் படம் போட்ட சட்டை. உயிர் இல்லை. முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அவளுடைய மகன்கள் இருவருமே அன்று அந்தச் சட்டையில்தான் இருந்தார்கள்.

ஒரே துணியில் எடுத்தது. கூரையில்லாத பழைய பந்தயக் கார்கள், சிவப்பும் பச்சையுமாக. தைக்கும்போது கால் மீட்டர் குறைந்தது. ஒரு பாக்கெட்டுக்குத்தான் படம் சேரும், யாருக்கு வைக்க என்று டெய்லர் கேட்டார்.

"பெரியவனுக்கு வையுங்க. சின்னவன் எதையும் போட்டுக்கிடுவான்."

சின்னவன் பாக்கெட்டில் காரின் பின்பாதி மட்டும் வந்தது. முன்பாதி எங்கேயும் இல்லை.

போனில் காற்று இரைந்தது. அந்த ஆள் நடந்து போவது கேட்டது.

"பாதிதாம்மா இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

பக்கத்தில் நின்ற எஸ்தர் சித்தி இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

அப்போது கேட் திறந்தது.

அவள் வந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டைத்தான் பார்த்தாள்.

முழுக் கார்.

"எய்யா, செல்வினு. நீ இருக்கியாய்யா."

அம்மாவிடம் அப்படியொரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

காலையில் ஆராதனை முடிந்ததும் சர்ச் சுவருக்குப் பின்னால் அண்ணன் தன் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"இன்னைக்கு ஒரு நாள் நீ முழுக் கார்ல போலே. எனக்குப் பாதி போதும்."

என் சட்டையை மாட்டிக்கொண்டு, அத்தை வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க வண்டியை எடுத்தான். அம்மா கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்றான்.

அவள் ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகுதான் அவள் கண் பாக்கெட்டிலிருந்து என் முகத்துக்கு ஏறியது.

பத்தொன்பது வருடம் ஆகிறது. அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்கிறாள். நானும் வற்புறுத்துவதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் போகும்போது அந்த முழுக் கார் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். பொத்தான் சேர்வதில்லை. கார்களின் சிவப்பு போய்விட்டது.

கேட்டைத் திறக்கிறேன்.

அந்தக் குரலுக்காக, பேசாமல் அங்கேயே நிற்கிறேன்.