பூனை மீது போட்ட வழக்கு

பூனை அசையவில்லை.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். மோட்டார் ரூம் நிழலில், தண்ணீர்க் குழாயை ஒட்டிப் படுத்திருந்தது. வயிறு ஏறி இறங்குகிறதா?

ஏறியது. இறங்கியது.

அப்பாடா.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து எழுதினார். ‘ஆறாம் நாள். காலை 7.10. உயிருடன் உள்ளது. உறக்கம்.’

முப்பத்திரண்டு வருடம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த கை. ஆளுக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், கைக்குக் கொடுக்கவில்லை.

அட்டை, மச்சினன் மகளின் கல்யாணப் பத்திரிகை. பின்பக்கம் காலியாக இருந்ததால் எடுத்துக்கொண்டார். முன்பக்கம் அவருக்கு ஆகாது. முதல் வரியில் வரவேண்டிய அவர் பெயரை மூன்றாவது வரியில் போட்டிருந்தார்கள். அதனால் அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. மனைவி தனியாகப் போய்வந்தாள்.

அதிலிருந்து ஐந்து மாதம் வீட்டில் பேச்சு இல்லை.

வேளைக்குச் சோறு வந்தது, காபி வந்தது. “கேஸ் தீந்துபோச்சு” என்று அவள் சுவரிடம் சொல்வாள். “சிலிண்டர் பதிஞ்சாச்சு” என்று அவர் காலண்டரிடம் சொல்வார். ரோஷத்தில் ஒருவருக்கு ஒருவர் இளைத்தவர் இல்லை.

போன வாரம் ஒரு மாலை, காபி டம்ளரை வைத்த அவள் கையில் மூன்று சிவப்புக் கோடுகளைப் பார்த்தார்.

“என்னாச்சு கையில?”

வாய் முந்திக்கொண்டது. ரோஷம் வந்து தடுப்பதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள், பால்கனியில் துணி எடுக்கும்போது அந்தத் தெருப்பூனை பிறாண்டிவிட்டது என்று.

தெருப்பூனை பிறாண்டினாலும் வெறிநோய் வரலாம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, அப்போதே ஸ்கூட்டரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஊசி என்றால் அவளுக்கு ஆகாது. காய்ச்சலுக்குக்கூட மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறவள். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் தோளைக் காட்டினாள். அதைப் பார்த்து அவருக்குப் பயம் கூடத்தான் செய்தது.

சொன்ன தேதிகளில் வந்து மற்ற ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள் நர்ஸ். பூனையையும் பத்து நாள் கவனிக்க வேண்டும். அதற்கு ஏதாவது ஆனாலோ, அதைக் காணவில்லை என்றாலோ உடனே வந்து சொல்ல வேண்டும்.

முப்பத்தாறு வருடம் கூட இருந்தவள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

பேச்சு நிற்கும் முன் கடைசியாக அவளிடம் நேராகச் சொன்னது, “உன் அண்ணன் புத்தியே அவ்வளவுதான்.”

அதனால்தான் பூனை போகுமிடமெல்லாம் போனார்.

முதல் இரண்டு நாள் வெறுப்போடு. மூன்றாம் நாளிலிருந்து அவரை அறியாமலே ஓர் ஆர்வம் வந்துவிட்டது. காலையில் பி பிளாக் டீச்சர் வீட்டில் பால். பத்து மணிக்கு சலூன் வாசலில் வெயில். பதினோரு மணிக்கு மீன்காரம்மாவின் கூடைக்குப் பின்னால். டீச்சர் வீட்டில் அதற்கு ராக்கி என்று பெயர். மூன்று குட்டி போட்ட பூனைக்கு.

சலூன்காரர் பேத்தி வாலைப் பிடித்து இழுத்தாள். பூனை திரும்பிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. ‘நகம் வெளிவரவில்லை’ என்று எழுதி, அடிக்கோடு போட்டார்.

இது எதற்காக அவளை மட்டும் பிறாண்டியது?

ஒவ்வொரு மாலையும் அவள் கேட்பாள்.

“இருக்கா?”

“இருக்கு.”

பேச்சு அவ்வளவில்தான் தொடங்கியது. ராக்கி கதையைச் சொன்ன அன்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டாம் நாள் பொழுது சாய்கிற வரை பூனையைக் காணோம். அவர் சாப்பிடவில்லை. அவளும் படி இறங்கி வந்து கூடவே தேடினாள். காரின் அடியிலிருந்து அது சோம்பல் முறித்துக்கொண்டு வந்தபோது, இவர் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

பத்தாம் நாள். மூன்று ஊசி முடிந்திருந்தது. பூனை பிளாக்கின் படிக்கட்டில் தெம்பாக உட்கார்ந்து காலை நக்கியது. பயம் போனதும் அந்தக் கேள்வி மறுபடி தலைதூக்கியது.

ஆயுளெல்லாம் வழக்குகளை எழுதியவர், சம்பவ இடத்தைப் பார்க்க அன்றைக்குத்தான் போனார்.

பால்கனி முழுக்கக் கம்பி வலை. புறா வராமலிருக்க அவரே ஆள் வைத்து அடித்தது. பூனை நுழைய ஓர் இண்டு இடுக்கு இல்லை.

துணிக்கொடி ஓரத்தில் மட்டும் வலை பிய்ந்து, மூன்று கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. நடுக்கம்பியில் ஓர் ஊதா நூல். அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலை ஊதா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கம்பி கிழித்துவிட்டது என்று அவள் சொல்லியிருந்தால்? மருந்து போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்திருப்பார்.

மூன்று ஊசி. ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

அவர் குறடு கொண்டுவந்து, மூன்று முனைகளையும் மடக்கிவிட்டார். நூலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. வழக்கத்தைவிடச் சின்னக் குரல்.

“இருக்கா?”

“இருக்கு” என்றார். அடுப்படி வாசல் வரை போய் நின்றார். “பத்து நாள் பத்தாதுன்னு தோணுது. இன்னும் கொஞ்ச நாள் பாத்துருவோம்.”

கரண்டிச் சத்தம் நின்றது.

“அப்ப நாளைக்கு மீன் வாங்கிட்டு வாங்க” என்றாள், திரும்பாமலே. “அதுக்கும் சேத்து.”

அவர் அட்டையை எடுத்தார். பின்பக்கத்தில் இடமில்லை. முன்பக்கம் திருப்பி, தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்சம் வெள்ளையில், ‘பதினொன்றாம் நாள்’ என்று எழுதி வைத்தார்.

படிக்கட்டில் பூனை இன்னும் காலை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மீதிருந்த வழக்கை யாரும் வாபஸ் வாங்கவில்லை.