தீட்டு கழிய மூன்று நாள்

கோயிலின் சிவப்புத் தோரணவாயிலுக்கு ஒரு அடி இந்தப் பக்கமே நிற்கிறான் தொகுஜி. மனைவி மினெகோ போய் இன்று நாற்பத்தேழு நாள். தீட்டு கழிய ஐம்பது ஆகவேண்டும். கோயில் பலகையில் இந்தச் சாமிக்கு அந்தக் கால மன்னர் கொடுத்த பதவியும், பதவி உயர்வு கிடைத்த வருஷமும் தங்க எழுத்தில் மின்னுகின்றன. அவ்வளவு பெரிய அதிகாரிக்குச் சாவு வாடை மட்டும் ஆகாது. உள்ளே சரளைக்கல் நொறுங்க யாரோ நடக்கிறார்கள், சாமியைக் கும்பிட இரண்டு முறை கை தட்டுகிறார்கள். ஜப்பானின் கனஸாவா நகரத்து நவம்பர் வெயில் அவன் காலணி வரை வந்து நின்றுவிட்டது. கையில் மினெகோவின் தலையணைக்கடியில் கிடந்த நீலப் பட்டுத் தாயத்து, நோய் தீர வாங்கியது. ஒரு வருஷம் காக்கும். பிறகு இங்கேயே திருப்பிக் கொடுத்தால் எரித்துவிடுவார்கள். இதற்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருக்கிறது.

“மூணு நாள் பொறுத்து வந்தா என்னடா? சாமி எங்கயாவது ஓடியா போயிடும்?” என்கிறாள் அக்கா ஃபுசாயே. “வீட்ல வெச்சிருக்க முடியலக்கா.” “சரி, குடு. நாத்தனாருக்குத் தீட்டு கொஞ்ச நாள்தான், எனக்கு எப்பவோ கழிஞ்சாச்சு, நான் போட்டுட்டு வரேன்.” நீட்டுகிறான், விரல்கள் விடவில்லை. அக்கா ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். யாருடைய கையோ என்பதுபோல் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே போனவள் சற்று நேரத்தில் திரும்பி வந்து அவன் சட்டைப்பையில் எதையோ திணிக்கிறாள். அதே நீலம், அதே பட்டு, அதே முடிச்சு. “இது புதுசு, உனக்குத்தான். சோறு தண்ணி இல்லாம எலும்பா கெடக்கற. இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல.”

“ஒரு வருஷமா?” என்கிறான் தொகுஜி. “அவ்வளவு நாளாக்கா?”