முற்றுகைக்குள் வந்த நெல்

ஏழாம் நாள் கோட்டை விழுந்தாக வேண்டும். ஆற்றுப்பாதையை அடைத்தால் நெல் வராது. நெல் இல்லாவிட்டால் கோட்டை சரணடையும். மன்னர் காலத்துப் போரை வைத்து உருவான கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கு வடிவமைப்பாளர் எழுதிய விதி அது. ஆனால் சோதனை ஆட்டத்தில் பன்னிரண்டாம் நாளும் கோட்டை அசையவில்லை.

"நீதானே நெல்லை உள்ளே விடறே?" என்று வடிவமைப்பாளர் புரோகிராமரைப் பிடித்தார்.

"என் புரோகிராம்ல ஓட்டையே இல்ல சார். கோட்டைக்குள்ள இருக்கிற ராணிதான் ஏதோ தில்லுமுல்லு பண்றாங்க."

ராணியாக ஆடிய பெண் நிமிர்ந்தாள். "தினமும் விடிஞ்சா களஞ்சியத்துல பத்து மூட்டை இருக்கு. எப்படி வருதுன்னு எனக்கே தெரியல."

வடிவமைப்பாளர் நம்பவில்லை. கூட்டுச் சேர்ந்து ஏமாற்றக் கூடாது என்பதற்காகவே, ஆபீசில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இருவரைத் தேடிப் பிடித்து எதிரிகளாக ஆட வைத்திருந்தார். மறுநாள் விளையாட்டை வாங்கும் கம்பெனியார் வருகிறார்கள். விதி தப்பினால் இரண்டு வருட உழைப்பு அம்பேல்.

ஆட்டத்தின் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொரு வண்டியாகத் தேடினார். நெல் புறப்பட்ட இடம், முற்றுகையிட்ட மன்னனின் சொந்தக் கிடங்கு! அவனுடைய வீரர்களே அரை வயிற்றோடு நின்றார்கள்.

மன்னனாக ஆடியவன் எதிர் மூலையில் உட்கார்ந்திருந்தான். வடிவமைப்பாளர் நேரே அவனிடம் போனார்.

"எதிரிக்கு எதுக்குய்யா சோறு போட்டே?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"விவாகரத்துக் கேஸ் நடக்குதுதான் சார். அதுக்காக அவளைப் பட்டினி போட முடியுமா?"