கிட்னி பொழைக்கணும்

"ராத்திரி எவ்வளவு இறங்கியிருக்கு சிஸ்டர்?"

குருநாதன் வராந்தாக் குழாயில் முகம் கழுவி, சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு ஐ.சி.யூ. வாசலுக்கு வந்திருந்தான். மதுரையில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவன் காலை இப்படித்தான். டீ வாங்குவான். பாதியில் வைத்துவிடுவான். பிறகு இந்தக் கேள்வி.

நர்ஸ் நாகலெட்சுமி தயங்கினாள். "விடியறதுக்கு முன்னால வரைக்கும் நல்லா வந்துச்சு சார். அப்புறம் மூத்திரப் பை காலியாவே இருக்கு."

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"ரவுண்ட்ஸ் வருவாங்க சார்."

"இப்பவே கூப்பிடுங்க. கிட்னி போயிரக் கூடாது."

அவள் அவன் முகத்தை ஒரு முறை பார்த்தாள். போனை எடுக்க ஓடினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி சேதுலட்சுமி படுத்திருந்தாள். வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறியது. அதனால் தொடை வழியாக ஒரு பலூனை உள்ளே விட்டிருந்தார்கள். கட்டிலருகே இருந்த மிஷின் அதை ஊதுவதும் சுருக்குவதுமாக, இதயத்துக்குத் துணை செய்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, தங்கச்சி எப்படி இருக்கு?"

சேதுலட்சுமியின் அண்ணன் தவசி. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தான்.

"மூத்திரம் இறங்கலை மச்சான்."

தவசி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். வாயில் செருகிய மூச்சுக் குழாயோடு தங்கையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"சொன்னாக் கோவிச்சுக்கிறாதீக. ஒரு வேன் வச்சு ஊருக்குக் கொண்டு போயிருவோம். மூச்சு இருக்கையிலயே வீடு சேர்ந்துரணும். வெளியில உசுரு போச்சுன்னா வீட்டுக்குள்ள விடமாட்டாக. வாசல்லயே போட்டு எடுத்துருவாக. அம்மா தாங்காது."

"மிஷினைக் கழட்டினா கிட்னி உடனே போயிரும்."

"நாங்க பட்டிக்காட்டான். சொன்னாக் கேக்க மாட்டீக. படிச்ச மாப்பிள்ளை, விடிஞ்சதும் மூத்திரப் பையவே பார்த்துக்கிட்டு நிக்கிறீக. அது மூஞ்சியப் பாருங்கய்யா, மூஞ்சிய!"

குருநாதன் பார்க்கவில்லை.

"கிட்னி பொழைக்கணும் மச்சான். அதுவரைக்கும் யாரும் அவளை இங்கனயிருந்து அசைக்கக் கூடாது."

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "பலூன் கொஞ்சம் கீழே நழுவியிருக்கு. கிட்னிக்குப் போற ரத்தக் குழாயை மறைக்குது. இதயத்துக்கு உதவி செய்யற மிஷின் கிட்னியைப் பட்டினி போடுது."

"மேல ஏத்துங்க."

"ஏத்துறோம். ஆனா ரத்தம் இல்லாம ரொம்ப நேரம் இருந்திருந்தா, கிட்னி திரும்புமான்னு சொல்ல முடியாது."

"ஏத்துங்க டாக்டர்."

டாக்டர் அவன் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

தவசி இட்லி வாங்கி வந்தான். குருநாதன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த தவசியின் குரலில் இப்போது கேலி இல்லை.

"கிட்னி நல்லாயிட்டா தங்கச்சி எந்திரிச்சிருமா மாப்பிள்ளை?"

குருநாதன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தான். குடிக்காமலே மூடினான்.

"மொதல்ல கிட்னி மச்சான்."

வராந்தாவில் வெயில் ஏறியபோது நாகலெட்சுமி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வருது சார். தெளிவா வருது. ரெண்டு கிட்னியும் நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லச் சொன்னார்."

குருநாதன் சுவரில் சாய்ந்தான். தவசி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினான்.

"சாமி! காப்பாத்திட்டய்யா! மாப்பிள்ளை, உம்ம பிடிவாதம் ஜெயிச்சிருச்சு. ராமேஸ்வரம் கூட்டியாந்து எல்லாத் தீர்த்தத்துலயும் ஆடவைக்கேன், பாருங்க. இருங்க, மொதல்ல அம்மாகிட்டச் சொல்லிருவோம்."

செல்போனை எடுத்த அவன் கையைக் குருநாதன் பிடித்துக்கொண்டான்.

"போடாதீங்க மச்சான்."

"ஏன்?"

"சேது நேத்தே போயிட்டா. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, மூளை செத்துருச்சு. மூச்சு விடறது மிஷின்தான், அவ இல்லை. ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. நீங்க வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரலை. அந்தக் கிட்னி ரெண்டும் வேற ரெண்டு பேருக்கு."

தவசியின் கை அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. "ஏலே, யாரக் கேட்டுலே சரின்னு சொன்ன?"

"அவ சொல்லித்தான்."

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஸ்ட்ரெச்சரிலிருந்து அவன் விரலைப் பிடித்து இழுத்து, சிரித்துக்கொண்டே சேதுலட்சுமி கடைசியாகச் சொன்னது இதுதான்: "இந்த நெஞ்சு ஒண்ணுதாங்க சொத்தை, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு எதும் ஒண்ணுன்னா மொத்தமாத் தூக்கி எரிச்சிறாதீக."