மறதிக்காரி

"அப்பா போய் மூணு மாசம் ஆச்சு. ஆனா தினமும் சாயங்காலம் அம்மா கம்ப்யூட்டரை அணைக்கறப்போ அவர் குரல் கத்துது," என்றேன்.

ரிப்பேர்காரர் சிரிக்கவில்லை. "என்னன்னு?"

"'அடியே மறதிக்காரி, பென் டிரைவைக் கழட்டுடி!'ன்னு. அம்மாவுக்காக அவரே தன் குரலைப் பதிஞ்சு எழுதி வெச்ச சின்ன புரோகிராம். பென் டிரைவ் மாட்டியிருந்தா மட்டும்தான் பேசும். இப்ப எதுவுமே மாட்டலையே!"

திரையைப் பார்த்தார். "ஒண்ணு மாட்டியிருக்குன்னு காட்டுதே?"

கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க ஒட்டடை. அதன் நடுவே நகத்தளவு பென் டிரைவ் ஒன்று, பொட்டுத் தூசி இல்லாமல். திறந்து பார்த்தோம். காலி.

"இதை யாரு இங்க மாட்டினது?" என்று கேட்டார்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"அதை இருந்த இடத்துலயே மாட்டிடுங்க தம்பி. என்னை 'அடியே'ன்னு கூப்பிட வேற யாரு இருக்கா?"