ஆறு சிலிண்டர், ஒரு செருமல்

போன வண்டி மறுநாளே திரும்பி வந்தது.

அதைப் பார்த்ததும் மெக்கானிக் மாயவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். செய்த வேலை சரியென்றால் ஒர்க்‌ஷாப் வாசலில் யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

வெள்ளைக்காரன் காலத்து ஆறு சிலிண்டர் கார். பதினோரு வருஷமாக ஒரு சிலிண்டர் செத்து, சைலன்சர் ஓட்டையாகி, மிச்ச ஐந்தில் நொண்டிக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையத்து ஆதிமூலம் அதில் கிளம்பினால், அவர் வருவது பாதி வழியிலேயே கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குத் தெரிந்துவிடும்.

அதைப் பிரித்துக் கட்ட மாயவன் ஒத்துக்கொண்டபோது, எதிர் டீக்கடை சின்னதுரை ஊரைக் கூட்டிச் சிரித்தான். சைக்கிளும் ஆயில் இன்ஜினும் பார்க்கிறவனுக்கு ஆறு சிலிண்டரா, குருவி தலையில் பனங்காயா என்றான். மாயவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மூன்று மாசம். இன்ஜின் பிளாக்கைச் சேலத்துக்கு அனுப்பிக் கடைந்து வாங்கினான். பிஸ்டனும் ரிங்கும் தேடி மெட்ராஸில் பழைய சாமான் கடை கடையாக அலைந்தான். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்தான்.

முந்தாநாள், ஓடுகிற இன்ஜின் மேல் சின்னதுரையின் டீ கிளாஸையே வைத்துக் காட்டினான். டீயில் படிந்த ஆடைகூடக் கலையவில்லை. அடேயப்பா! கடைவீதியே திரண்டு வந்து பார்த்தது.

மாயவன் கை பட்டால் எதுவும் சத்தம் போடாது. அவன் சைக்கிள் வீட்டுக்கு வந்து சேர்வது அவன் பெண்டாட்டி செவ்வந்திக்கே தெரியாது என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

திரும்பி வந்த வண்டியிலிருந்து ஆதிமூலம் இறங்கினார். தொண்டையை இரண்டு தரம் செருமினார். அவர் எதைப் பேசினாலும் முன்னால் அந்த இரண்டு செருமல் வரும்.

"சத்தமே இல்லடா மாயவா. பழையபடி ஆக்கிக் குடு."

"இன்னாங்க சொல்றீங்க?"

"ஒரு சிலிண்டர சாவடிச்சிடு."

பெற்ற பிள்ளையின் கழுத்தை நெரி என்று சொன்னால் எப்படி இருக்கும்? மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் வேலையில் என்ன குற்றம், அதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான்.

ஆதிமூலம் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவன் கையைப் பிடித்து வண்டிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்.

நேற்று வண்டி வீட்டு வாசலில் போய் நின்றதே யாருக்கும் தெரியவில்லையாம். கொல்லையில் மல்லாட்டைக் கடலை உடைக்க வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து உருண்டுகொண்டிருந்தார்களாம். நடுவில் அவர் மனைவி பெரியநாயகி.

அவரிடம் "சாப்பிட வாங்க" என்பதற்கு மேல் குரல் உயர்த்தாத பெரியநாயகி, அவருடைய துண்டைத் தோளில் போட்டு, வயிற்றை முன்னால் தள்ளி, இரண்டு தரம் செருமி, அவரைப் போலவே பண்ணையாளை அதட்டினாளாம். "ஏண்டா பச்சமுத்து, தண்ணி கட்டச் சொன்னா தூங்கிக்கினு கீற?" அச்சு அசல் ஆதிமூலம்.

கதவுக்குப் பின்னால் நின்று அவரும் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார். கடைசியில், அவருக்கே தெரியாமல், செருமிவிட்டார்.

இரண்டு தரம்.

துண்டு கீழே விழுந்தது. பெண்கள் பறந்துவிட்டார்கள். பெரியநாயகி தலை நிமிராமலே சோறு போட்டாளாம். நேற்றிலிருந்து வீடு எழவு வீடாக இருக்கிறதாம்.

"பதினோரு வருசமா இந்தக் கூத்து நடந்துக்கினு இருந்திருக்குதுடா. நம்ம வண்டி அணைக்கட்டு வளைவுல திரும்பற சத்தம் கேக்கறப்பவே துண்டு கொடிக்குப் போயிடும்போல."

"உங்களுக்குக் கோவம் வரலீங்களா?"

"கோவமா? என்னைவிட நல்லா பண்றாடா!"

சொல்லும்போதே முகமெல்லாம் பல்லாகிவிட்டது அந்த மனுஷனுக்கு.

மாயவன் தலையைச் சொறிந்தான். "சத்தம் வந்துட்டா நீங்க மறுபடி பாக்கவே முடியாதுங்களே."

"நேத்து பாத்தது போதும். அவ சிரிச்சிக்கினு இருக்கட்டும்."

மாயவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். சிலிண்டரைத் தொட மனசு வரவில்லை. ஆறும் உயிரோடு இருக்கட்டும். தான் மாட்டிய புது சைலன்சரைத்தான் கழற்றி டிக்கியில் போட்டான்.

வண்டி கிளம்பியது. யப்பா! டீக்கடைத் தகரமே அதிர்ந்தது.

சின்னதுரை ரோட்டுக்கே வந்துவிட்டான். "இன்னா மாயவா, மூணு மாச வேலை முப்பது கல் தூரத்துக்குக் கேக்குதே!"

கடைவீதியே சிரித்தது. ஒரு வார்த்தை போதும், மானம் திரும்பிவிடும். அந்த வார்த்தை இன்னொருத்தர் வீட்டுக் கொல்லையைப் பற்றியது. மாயவன் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

அன்று பொழுது சாய்கையில் வீட்டுக்குப் போகிறவன், தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தினான். துருப்பிடித்த மணியைக் கட்டைவிரலால் நெம்பி அடித்தான். இன்னொரு தரம் அடித்தான். காலை ஊன்றி நின்று ஒரு பீடியை நிதானமாகப் பற்றவைத்தான்.

செவ்வந்தி ஈரக் கையோடு தெருவுக்கு ஓடி வந்தாள். "இன்னாய்யா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வந்துக்கினு இருக்கேன்னு சொன்னேன்."